ரன் என்றால் ஓடுவது மட்டும்தானா? ஒரே வினைச்சொல்லை வைத்து ஆங்கிலம் பழக ஒரு வழி

புதுச் சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டில் சில சமயம் 'கலர்ஸ் மே ரன்' என்று அச்சிட்டிருப்பார்கள். 'ரன் என்றால் ஓடு' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவருக்கு இது குழப்பமாக இருக்கும். நிறம் எங்கே ஓடும்? 'சாயம் போகும், தனியாகத் துவையுங்கள்' என்பதுதான் செய்தி. அது தெரியாமல் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்தால் வேட்டி ரோஸ் நிறத்தில் வெளியே வரும்.

மூன்றே எழுத்துச் சொல். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இதற்கான பதிவைப் புதுப்பிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் என்று 2011இல் செய்தி வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்த அகராதியின் மிக நீளமான பதிவு என்ற பெயர் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. 645ஐயும் யாரும் உட்கார்ந்து உருப்போட வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்தவர்களும் அப்படிப் படித்ததில்லை. எந்த வாக்கியத்தில் கால் ஓடுகிறது, எதில் வேறு ஏதோ ஓடுகிறது என்று பிரிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது அலுவலக மின்னஞ்சலோடும் வெளிநாட்டு வாழ்க்கையோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. கால்களால் ஓடுவதை நேர்ப்பொருள் என்றும், அதிலிருந்து கிளைத்த மற்றவற்றை வழிப்பொருள் என்றும் சொல்லிக்கொள்வோம்.

முதல் படி: கால் பொருளைக் கெட்டியாகப் பிடியுங்கள்

அடிப்படை வினைச்சொற்கள் பெரும்பாலும் உடம்பிலிருந்து தொடங்குகின்றன. ரன் தொடங்குவது காலில். நடைக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடு வேகம் மட்டும் அல்ல. ஓடும்போது ஒரு கணம் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பிவிடும். நடைப்போட்டியில் நடுவர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது இதைத்தான்.

வடிவங்கள் மூன்று: ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் முதலாவதேதான். 'ஐ ஹேவ் ரேன்' என்று எழுதுவது நம்மவர்களிடம் மிகப் பரவலான தவறு. 'ஐ ஹேவ் ரன்' என்பதே சரி.

நேர்ப்பொருள் எப்படி நழுவி வழிப்பொருளாகிறது என்று பார்க்க கிரிக்கெட் போதும். மட்டையாளர்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினால் ஒரு ரன். பந்து உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை, ஆனாலும் நான்கு ரன். ஓடாமலே ரன் கிடைத்த அந்த இடத்தில் சொல் காலை விட்டுக் கணக்குக்கு வந்துவிட்டது. தமிழிலும் இதே கதைதான். இலங்கைப் பத்திரிகைகள் 'நான்கு ஓட்டங்கள்' என்று எழுதும்போது, ஓடாத ஓட்டத்தை எப்படி எண்ணலாம் என்று நாம் கேட்பதில்லை.

இரண்டாம் படி: ஓடுவது யார், எது?

வாக்கியத்தில் ரன் வந்ததும் எழுவாயைப் பாருங்கள். அதற்குக் கால் இருக்கிறதா? மனிதன், நாய், குதிரை என்றால் முதலில் நேர்ப்பொருளையே எடுத்துக்கொள்ளலாம். கால் இல்லாத எழுவாய் என்றால் வழிப்பொருள்தான். அது எந்த வகை என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பெரிய வகை, திரவம். ஆறு, குழாய், மூக்கு, மை, சாயம் எல்லாமே ஆங்கிலத்தில் ரன் ஆகும். தமிழ் இங்கே சிக்கனம் பார்ப்பதில்லை: ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், குழாய் கொட்டும், சாயம் போகும், கண்மை கலையும். ஆகவே 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்பதை 'என் மூக்கு ஓடுகிறது' என்று நினைத்துச் சிரிக்கத் தேவையில்லை, சளி பிடித்திருக்கிறது, அவ்வளவே. வீட்டு விளம்பரத்தில் 'ரன்னிங் வாட்டர்' என்றால் குழாயில் தண்ணீர் வரும் வீடு. தீக்காயம் பட்டால் 'கூல் ரன்னிங் வாட்டர்' அடியில் 20 நிமிடம் பிடியுங்கள் என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது. பாத்திரத்தில் தேங்கிய நீர் அல்ல, குழாயிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் நீர் என்பதை அந்த 'ரன்னிங்' தான் சொல்கிறது. அவசரத்தில் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாத இடம்.

திரவப் பொருள் பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று நினைக்க வேண்டாம். ரன்னுக்கு ஜெர்மன் மொழியில் இரண்டு சொந்தங்கள் உண்டு. ரென்னன் என்றால் ஓடுவது, ரின்னன் என்றால் நீர் ஒழுகுவது. கால் ஓட்டமும் நீர் ஓட்டமும் அந்தக் குடும்பத்தில் பழங்காலம் தொட்டே சேர்ந்து இருக்கின்றன. நம்மிடமும் அப்படித்தான். ஓடை என்ற சொல்லுக்குள்ளேயே ஓடு இருக்கிறது. இரத்த ஓட்டம், நீரோட்டம், மின்னோட்டம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் யாருக்கும் இது அந்நியம் அல்ல.

ஒரு கொசுறு: ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'த ரன்ஸ்' என்றால் பேதி. இலங்கைத் தமிழில் பேதிக்கு வயிற்றோட்டம் என்று பெயர். இரண்டு மொழிக்காரர்களும் கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதை லூஸ் மோஷன் என்றே பலரும் சொல்வதால் இந்த அழகு நமக்குத் தெரியாமல் போகிறது.

அடுத்தது இயந்திரம். இங்கே சிரமமே இல்லை. மின்விசிறி, மோட்டார், கடிகாரம், கணினி நிரல் எல்லாம் இரண்டு மொழியிலும் ஓடும். 'டோன்ட் லீவ் த இன்ஜின் ரன்னிங்' என்றால் வண்டியை நிறுத்தியபின் இன்ஜினை அணைத்துவிடச் சொல்கிறார்கள். பேருந்தில் மட்டும் சற்று நில்லுங்கள். 'பஸ்ஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்' என்பது வேகத்தைப் பற்றியது அல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு என்பது. 'த லாஸ்ட் ட்ரெய்ன் இஸ் ரன்னிங் லேட்' என்பதை மேலோட்டமாகப் படித்தால் தாமதமாகவும் ஓட்டமாகவும் வருவது போலத் தோன்றும். வண்டி தாமதம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆளும் அதே போலத்தான். நண்பர் 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்று செய்தி அனுப்பினால் ஓடி வருகிறார் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். வீட்டைவிட்டுக் கிளம்பாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, அசையாத நீளப் பொருள்கள். சாலை, சுவர், கம்பி, மலைத்தொடர், தழும்பு. 'த ரோடு ரன்ஸ் அலாங் த கோஸ்ட்' என்கிறது ஆங்கிலம். சாலை எங்கும் போகவில்லை. அதன் மேல் நம் கண்தான் போகிறது. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி இந்த வகை வாக்கியங்களைத் தனியாக ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார், கற்பனை இயக்கம் என்று தமிழில் சொல்லலாம். தமிழும் சாலையை நகர்த்தும், ஆனால் ஓடவிடாது: கிழக்குக் கடற்கரைச் சாலை கடலோரமாகப் போகிறது. 'சாலை ஓடுகிறது' என்று மொழிபெயர்ப்புகளில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. மலைத்தொடர் என்றால் நமக்குப் போவதும் இல்லை, நீண்டு கிடக்கிறது.

நான்காவது, கால அளவு. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம் 'ரன்' ஆகும், விசா டிசம்பர் வரை 'ரன்' ஆகும், நாடகம் ஆண்டுக்கணக்கில் 'ரன்' ஆகும். படம் ஓடுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியதை இன்றும் பேசுகிறோம். ஆனால் ஒப்பந்தம் தமிழில் ஓடாது. 'பதினொரு மாசத்துக்கு அக்ரிமென்ட்' என்று வினையே இல்லாமல் முடித்துவிடுவோம்.

பரம்பரையும் ஆங்கிலத்தில் ஓடும். மருத்துவர் 'டஸ் டயாபடிஸ் ரன் இன் யுவர் ஃபேமிலி' என்று கேட்டால், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கிறார். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று இரத்த உறவுகளை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கணவருக்கோ மனைவிக்கோ சர்க்கரை இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

மூன்றாம் படி: ஆங்கிலம் ஓட்டுவதைத் தமிழ் நடத்துகிறது

எழுவாய் மனிதனாகவே இருக்கிறது, ஆனால் ரன்னுக்குப் பின்னால் ஒரு செயப்படுபொருள் நிற்கிறது என்றால் உஷாராக வேண்டும். 'ஷீ ரன்ஸ்' என்றால் அவள் ஓடுகிறாள். 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்.

தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவமே மாறிவிடும்: ஓடு, ஓட்டு, நட, நடத்து. ஆங்கிலம் இரண்டு வேலையையும் ஒரே ரன்னின் தலையில் ஏற்றுகிறது. எனவே பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்பது மட்டுமே அடையாளம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நிறுவனம், கடை, பத்திரிகை, கூட்டம் என்று எதையெல்லாம் ஆங்கிலம் ஓடவைக்கிறதோ, அதையெல்லாம் தமிழ் நடக்கவைக்கிறது. கடை நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், கல்யாணத்தை நடத்திவைக்கிறோம். கூட்டம் நடந்தது, தேர்வு நடந்தது, கொலையும் நடந்தது. வயதும் நடக்கும்: 'பையனுக்கு அஞ்சு வயசு நடக்குது.' ஜோசியரைக் கேட்டால் ராகு திசை நடக்கிறது என்பார். கால் இல்லாத ஒரு ரன்னைக் கண்டு தமிழில் திகைத்து நின்றால், ஓடு என்பதை விட்டுவிட்டு நட அல்லது நடத்து பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்தும்.

எச்சரிக்கை ஒன்று. ஓட்டுவதெல்லாம் ஆங்கிலத்தில் ரன் ஆகாது. 'ஐ ரன் எ பைக்' என்று சொல்லக்கூடாது, பைக்குக்கு ரைடு, காருக்கு டிரைவ். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 'சைக்கிள் ஓடத் தெரியுமோ', 'கார் ஓடுறார்' என்பதுதான் வழக்கம், அதனால் ரன் நாக்கில் எளிதாக வந்துவிடும். 'ஐ ரன் எ கேப்' என்று யாராவது சொன்னால், டாக்சித் தொழில் வைத்திருக்கிறேன் என்றோ வண்டியை வைத்துப் பராமரிக்கிறேன் என்றோதான் ஆங்கிலக் காதில் விழும்.

செயப்படுபொருளோடு வரும் இன்னும் சில, அன்றாடத்துக்கு: 'ரன் அன் எரண்ட்' என்றால் கடைக்கோ தபால் நிலையத்துக்கோ சின்ன வேலையாகப் போய்வருவது. 'ரன் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிப்பது. 'ரன் எ பாத்' என்றால் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பது. 'ரன் எ ரெட் லைட்' அமெரிக்க வழக்கு, சிக்னலை மதிக்காமல் போவது. நம்மூரில் சிக்னல் ஜம்ப் பண்ணுவது என்போம்.

தேர்தலும் இந்த இடத்தில்தான் வருகிறது. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' ஆகிறார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' ஆகிறார், நாமும் தேர்தலில் நிற்கிறோம். ஆக இந்த விஷயத்தில் தமிழ் லண்டன் பக்கம். 'ஷீ இஸ் ரன்னிங் ஃபார் கவர்னர்' என்ற தலைப்பைப் பார்த்தால் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுகிறார் என்று படியுங்கள். ஆளுநருக்காக ஓடுகிறார் என்று படிக்கக்கூடாது, அமெரிக்க மாநிலங்களில் அந்தப் பதவிக்குத் தேர்தல் உண்டு. 2020இல் ஜோ பைடனின் 'ரன்னிங் மேட்' ஆனார் கமலா ஹாரிஸ், அதாவது துணை அதிபர் வேட்பாளர். அவருடைய தாய்வழித் தாத்தாவின் துளசேந்திரபுரத்தில் அன்று விசாரித்திருந்தால் இந்தச் சொல்லுக்குப் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 'ரன்னிங் மேட்' குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்தின் முக்கியக் குதிரைக்குத் துணையாகக் கூட ஓடவிடும் குதிரைக்கு அந்தப் பெயர்.

நான்காம் படி: வாலைப் பாருங்கள்

ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அவுட், இன்டு, ஓவர், டவுன், அப், த்ரூ போன்ற குட்டிச் சொற்களை வால் என்று வைத்துக்கொள்வோம். வால் மாறினால் பொருள் முழுதாக மாறும். புதிதாகப் படிக்கிறவர்கள் ரன்னைப் பார்த்துவிட்டு வாலை விட்டுவிடுவதுதான் சறுக்கும் இடம்.

'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்', சர்க்கரை தீர்ந்துவிட்டது. கவனியுங்கள்: தமிழில் சர்க்கரை தீர்கிறது, ஆங்கிலத்தில் நாம் சர்க்கரையிலிருந்து வெளியே ஓடிவிட்டோம் என்பது போன்ற அமைப்பு. எழுவாய் புரண்டுவிட்டது. 'சுகர் ரேன் அவுட்' என்றும் சொல்லலாம், ஆனால் அப்போது 'ஆஃப்' வராது. கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே அவுட் என்பது ஆட்டமிழப்பு.

'ரன் இன்டு' நான்கு வேலை செய்யும். வண்டி மரத்தில் 'ரன் இன்டு' ஆனால் மோதிவிட்டது. பழைய வகுப்புத் தோழரை 'ரன் இன்டு' ஆனால் எதிர்பாராமல் சந்தித்தோம். செலவு லட்சங்களுக்குள் 'ரன் இன்டு' ஆனால் லட்சக்கணக்கில் ஆகும். சிக்கலுக்குள் 'ரன் இன்டு' ஆனால் மாட்டிக்கொண்டோம். மனிதரை வாகனத்தால் இடித்ததா, தெருவில் சந்தித்ததா என்பதை வாக்கியத்தின் மற்ற சொற்கள்தான் சொல்லும். 'ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கெட்' என்று கேட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டாம்.

ஆனால் 'ரன் ஓவர்' என்று வந்தால் விளையாட்டு இல்லை. ஆள் மீதோ நாய் மீதோ வண்டி ஏறிவிட்டது. இதே வால் கூட்டத்தோடு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது, பானையோடு வந்தால் பொங்கி வழிந்தது.

'ரன் டவுன்' எங்கே வந்தாலும் ஒரு சரிவு இருக்கும். பேட்டரி இறங்கிவிட்டது. கட்டடம் பாழடைந்து கிடக்கிறது. ஆள் உடம்பு தளர்ந்து சோர்ந்திருக்கிறார். ஒருவரைப் பற்றிப் பேசும்போது வந்தால் மட்டம் தட்டுவது. 'ரன் அப்' ஏறுமுகம்: கடன் ஏறுகிறது, கடையில் பாக்கி ஏறுகிறது. பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரமும் ரன் அப், தேர்தலுக்கு முந்தைய வாரங்களும் ரன் அப். இரண்டிலும் ஏதோ நடக்கப்போகிறது என்ற முன்னேற்பாடு தெரிகிறது.

அலுவலகத்தில் அதிகம் காதில் விழுபவை இரண்டு. 'ரன் மீ த்ரூ த பிளான்' என்றால் திட்டத்தை முதலிலிருந்து ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். 'ரன் இட் பை த மேனேஜர்' என்றால் மேனேஜர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், அவர் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு முறையான அனுமதிக் கடிதம் எழுத உட்கார வேண்டாம், அந்த அளவுக்குக் கனம் இதில் இல்லை. ஆனால் செய்யாமல் விட்டால் பிறகு 'யூ டிட்ன்ட் ரன் இட் பை மீ' என்று குறை வரும்.

ஐந்தாம் படி: உறைந்துபோன தொடர்கள்

சில தொடர்களைப் பிரித்துப் பார்த்தால் பயனில்லை. மொத்தமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த கதை தெரிந்தால் மறக்காது.

'ரன் த கான்ட்லெட்' என்பதன் பின்னால் ஒரு கொடிய தண்டனை இருக்கிறது. சிப்பாய்கள் இரண்டு வரிசையாகக் கோலோடு நிற்பார்கள், குற்றம் செய்தவன் நடுவே ஓட வேண்டும், இரு பக்கமும் அடி விழும். ஸ்வீடிஷ் மொழியில் இதற்கு காட்லோப் என்று பெயர், சந்து ஓட்டம் என்பது போன்ற பொருள். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, கையுறையைக் குறிக்கும் கான்ட்லெட் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போனதால் அந்த வடிவில் நிலைத்துவிட்டது. கையுறைக்கும் இதற்கும் உறவு இல்லை. இன்று பத்திரிகையாளர் கூட்டத்தின் கேள்விகளுக்கு நடுவே நடிகர் காருக்குப் போவதையும் இப்படிச் சொல்வார்கள்.

'ரன் ஆஃப் த மில்' என்றால் தனிச் சிறப்பு எதுவும் இல்லாத, சாதாரணமான. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்கிலிருந்து பிறந்தது. ஒருவரின் வேலையைப் பார்த்து இதைச் சொன்னால் பாராட்டு அல்ல.

'ரன் அமோக்' மலேசியத் தமிழர்களுக்குப் பாதி தெரிந்தது. அமோக் மலாய்ச் சொல். வெறிகொண்டு கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குவதைக் குறித்தது. ஆங்கிலத்தில் இப்போது கட்டுக்கடங்காமல் போகும் எதற்கும், குழந்தைகளின் குறும்புக்கும்கூட, சொல்கிறார்கள். மூலத்தின் பயங்கரம் பெரிதும் கரைந்துவிட்டது.

வங்கியோடு வரும் ரன் பெயர்ச்சொல். 'எ ரன் ஆன் த பேங்க்' என்றால் வங்கி திவாலாகப் போகிறதென்று அஞ்சி எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றவர்கள் யாரும் ஓடவில்லை, ஆனாலும் அது ரன்தான்.

'ட்ரயல் ரன்' என்பதற்கு நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பார்கள். புது மென்பொருளுக்கும் அதையே சொல்லலாம், கூசத் தேவையில்லை. 'டிரை ரன்' என்றால் ஒத்திகை என்பது பொருந்தும். 'இன் த லாங் ரன்' என்றால் நாளடைவில், போகப் போக. 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுவது தமிழாகாது.

ஆறாம் படி: தமிழ் ஓட்டத்தை ஆங்கிலத்துக்கு இழுக்காதீர்கள்

எதிர்த் திசையிலும் பள்ளங்கள் உண்டு. 'எனக்கு ஒண்ணுமே ஓடல' என்பதை 'நத்திங் இஸ் ரன்னிங்' என்றால் யாருக்கும் புரியாது. 'ஐ கான்ட் திங்க் ஸ்ட்ரெய்ட்' என்று சொல்லுங்கள். 'டிவி ஓடுது' என்பதற்கு 'த டிவி இஸ் ஆன்'. 'அந்தத் தியேட்டர்ல என்ன படம் ஓடுது' என்பதற்கு 'வாட்ஸ் பிளேயிங்'. 'காலம் ஓடுது' என்பதற்கு 'டைம் ஃபிளைஸ்', அங்கே காலம் பறக்கிறது. 'ஏதோ வண்டி ஓடுது' என்று பெருமூச்சோடு சொல்லும் வாழ்க்கைக் கணக்குக்கு 'கெட்டிங் பை'. கடையில் வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டுகிறவர் அதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் பூச்சி மருந்து சிபாரிசு செய்வார்கள்.

'ஹீ இஸ் ரன்னிங் ஃபிஃப்டி' என்று நம்மில் பலர் வயது சொல்வதுண்டு. இந்தியாவுக்கு வெளியே இது புரிவது சந்தேகம். ஐம்பது நடக்கிறது என்றால் நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது என்று பொருள், ஆகவே நேரடியாக 'ஹீ இஸ் ஃபார்ட்டி நைன்' என்று சொல்லிவிடுவது நல்லது.

ஏழாம் படி: நோட்டுப் புத்தகம்

பெரிய அகராதி வேண்டாம். மாணவர்களுக்கென்றே வந்திருக்கும் ஆங்கில அகராதி ஒன்று போதும். அதில் ரன்னைத் திறந்ததும் எண்ணிட்ட விளக்கங்களைப் படிக்காதீர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் முதலில் படியுங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாய்க்குக் கீழே கோடு, செயப்படுபொருள் இருந்தால் வட்டம், வால் இருந்தால் இரட்டைக் கோடு. பிறகு விளக்கத்தைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் பலன் பாதியாகிவிடும்.

நோட்டில் அகரவரிசையில் எழுத வேண்டாம். திரவம், இயந்திரம், நீளம், காலம், நடத்துதல் என்று பக்கங்களைப் பிரித்து, கண்ணில் பட்ட வாக்கியத்தை அந்தந்தப் பக்கத்தில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஆங்கிலப் பொருளை எழுதாமல், உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அந்தத் தமிழை எழுதுங்கள். மருந்துப் பெட்டி, சட்டைச் சீட்டு, ரயில் நிலைய அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றிலிருந்து எடுத்த வாக்கியங்கள் கதைப்புத்தக வாக்கியங்களைவிடச் சீக்கிரம் பதியும், தேவை உடனே இருக்கிறது அல்லவா.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியங்கள். கையால் மறைத்துக்கொண்டு, தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

ஒன்று: 'த டேப் வாஸ் லெஃப்ட் ரன்னிங்.'
இரண்டு: 'மை அங்கிள் ரன்ஸ் எ பேக்கரி.'
மூன்று: 'எ கிராக் ரன்ஸ் டவுன் த வால்.'
நான்கு: 'வி ஆர் ரன்னிங் லோ ஆன் ரைஸ்.'
ஐந்து: 'ஷீ ரேன் அப் எ ஹில் அண்ட் ரேன் அப் எ பில்.'

குழாயை மூடாமல் விட்டுவிட்டார்கள். மாமாவோ சித்தப்பாவோ பெரியப்பாவோ பேக்கரி நடத்துகிறார், அங்கிள் என்பதை வைத்து அது யார் என்று சொல்ல முடியாது. சுவரில் மேலிருந்து கீழே விரிசல் விட்டிருக்கிறது. 'ரன் டவுன்' என்று வந்தாலும் இங்கே டவுன் வெறும் திசைதான், வால் அல்ல. அரிசி தீரப்போகிறது. ஐந்தாவதில் முதல் பாதி மேட்டில் கால் ஓடியது, இரண்டாம் பாதி கடையில் பாக்கி ஏறியது. அதை ஒரே வினையில் தமிழாக்க முயல வேண்டாம்: 'மேட்டில் ஏறி ஓடினாள், கடையில் பாக்கியையும் ஏற்றிவைத்தாள்.'